கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டாம்: குறைமாதக் குழந்தையின் சிகிச்சையில் பெற்றோருக்கும் பங்கு உண்டு

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் வலி எடுத்துவிட்டது. 108-இல் ஏறி அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தீர்கள். குழந்தை பிறந்தது, எடை ஒன்றரை கிலோ. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் துணியில் சுற்றி வேறொரு பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா ஒரு வார்டில், குழந்தை வேறொரு மாடியில், அப்பா இரண்டுக்கும் நடுவே படிக்கட்டில். "இன்குபேட்டர்ல வச்சிருக்காங்களாம், யாரையும் உள்ள விட மாட்டாங்களாம்" என்று கூட வந்த ஒருவர் சொல்கிறார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் குழாயும் ஒயரும்தான் தெரிகின்றன. இனி எல்லாம் டாக்டர் கையில், நாம் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும்.

நிறைய இருக்கிறது. மருந்தும் கருவியும் செய்யும் வேலை ஒன்று. அம்மாவின் பாலும் பெற்றோரின் உடல் சூடும் செய்யும் வேலை இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை. இதற்கென்றே 'குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு' என்ற ஏற்பாடு அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு வகுக்கப்பட்டுள்ளது. அதில் உங்கள் பங்கு என்ன, எப்படிக் கேட்டுப் பெறுவது என்று பார்ப்போம்.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் தனிக் கவனிப்பு?

37 வாரம் முடியும் முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது எடை குறைந்த குழந்தை. இந்தக் குழந்தைகளுக்கு மூன்று சிரமங்கள் முக்கியமானவை.

• தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.
• உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் பழக்கம் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை குழாய் வழியாகவோ பாலாடையாலோ பால் கொடுக்க வேண்டியிருக்கும்.
• நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. சின்னத் தொற்றும் பெரிதாகிவிடலாம்.

சூடு, பால், சுத்தம் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். இந்த மூன்றிலும் பெற்றோருக்கு நேரடி வேலை இருக்கிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1979-இல் எஸ்டோனியா நாட்டின் தாலின் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியர் போதவில்லை. அங்கிருந்த மருத்துவர் ஆதிக் லெவின், அம்மாக்களையே பிரிவுக்குள் அழைத்துப் பழக்கினார். ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு, குழந்தைகளுக்கும் நல்லதாக அமைந்தது. பின்னாளில் கனடா மருத்துவர்கள் இதையே தங்கள் மருத்துவமனைகளுக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் பங்கெடுத்த இடங்களில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது.

நம் நாட்டில் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இதற்கு வழிகாட்டியது. அங்கே கிடைத்த அனுபவத்தைக் கொண்டு, மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆகவே, உள்ளே வந்து கவனிப்பைக் கற்றுக்கொள்வது யாரோ மனமிரங்கித் தரும் சலுகை இல்லை. அது சிகிச்சை முறையின் ஒரு பகுதி.

உங்களுக்குக் கற்றுத்தரும் நான்கு பாடங்கள்

குழந்தை சேர்க்கப்பட்டதும் அம்மா, அப்பா, பாட்டி என வீட்டில் குழந்தையைக் கவனிக்கப் போகிறவர்களுக்குச் செவிலியர் பயிற்சி தர வேண்டும். வழிகாட்டு நெறிமுறை இதை நான்கு பகுதிகளாகப் பிரித்துள்ளது.

1. உள்ளே நுழையும் முறை. நகம் வெட்டி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். "வளையலைக் கழட்டணுமா?" என்று தயங்குபவர்கள் உண்டு. வளையலுக்கும் மோதிரத்துக்கும் அடியில்தான் கிருமி தங்கும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் புண் இருந்தால் அன்று உள்ளே போகாதீர்கள். வீட்டில் வேறொருவரை அனுப்புங்கள்.

2. குழந்தைக்கு ஏற்ற கவனிப்பு. பால் கொடுப்பது, துணி மாற்றுவது, சுத்தம் செய்வது, கருப்பையில் இருந்ததுபோல் கைகால் மடங்கியபடி படுக்க வைப்பது. சத்தமும் கூசும் வெளிச்சமும் குறைமாதக் குழந்தையைக் களைப்பாக்கும். மெல்லப் பேசுங்கள். தட்டித் தட்டி எழுப்ப வேண்டாம். உள்ளங்கையைத் தலையிலும் காலிலும் அணைவாக வைத்தாலே போதும்.

3. கங்காரு பராமரிப்பு. குழந்தையை மார்போடு சேர்த்து வைத்துச் சூடு தருவது. இதைத் தனியே விளக்குகிறோம்.

4. வீட்டுக்குப் போகும் முன் தயாராவது. மருந்து, பால், ஆபத்து அறிகுறிகள், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற விவரங்கள்.

ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, கருவிகளின் பட்டனைத் தொடுவது எல்லாம் செவிலியர், மருத்துவர் வேலை. அலாரம் அடித்தால் நீங்களே நிறுத்தக் கூடாது, சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் பால்: முதல் சில சொட்டே பெரிய மருந்து

குழந்தை மார்பில் வாய் வைத்துக் குடிக்க முடியாத நாட்களில்கூட, அம்மாவின் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள். முதலில் வருவது மஞ்சள் நிறச் சீம்பால். சில சொட்டுதான் வரும். "பாலே ஊறல" என்று சோர்ந்துவிடாதீர்கள். குழந்தையின் வயிறும் அப்போது அவ்வளவு சின்னதுதான். அதில் தொற்றைத் தடுக்கும் சத்து நிறைய இருக்கிறது.

• இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சுங்கள். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும்.
• கொதிநீரில் சுத்தம் செய்த, மூடியுள்ள பாத்திரத்தில் சேகரியுங்கள். வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.
• ஃபிரிட்ஜில் வைத்த பாலை அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். வெந்நீர் உள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும்.
• பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். பாலாடை நம் வீட்டுப் பொருள். நம் பாட்டிமார்கள் குழந்தைக்குப் பால் புகட்டிய அந்தச் சின்னக் கிண்ணம்தான் இன்று நாடு முழுக்க மருத்துவமனைகளில் அதே பெயரில் பயன்படுகிறது. எவ்வளவு, எவ்வளவு மெதுவாகக் கொடுப்பது என்பதைச் செவிலியர் முன்னிலையில் பழகிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பால் கிடைக்காத நிலையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. தானம் தரும் அம்மாக்களைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்திய பிறகே கொடுக்கிறார்கள்.

கங்காரு பராமரிப்பு: நெஞ்சே வெதுவெதுப்பான தொட்டில்

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் இந்த முறை பிறந்தது. கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல், பெற்றோர் குழந்தையை நெஞ்சில் சுமப்பதால் இந்தப் பெயர்.

எப்படிச் செய்வது?

• குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போடுங்கள். உடம்பு உங்கள் தோலோடு நேரடியாகப் பட வேண்டும்.
• அம்மா முன்பக்கம் திறக்கும் நைட்டியோ ரவிக்கையோ, அப்பா பட்டன் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்.
• இரு மார்பகங்களுக்கும் நடுவே குழந்தையை நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். மூக்கும் வாயும் மூடாமல் தெரிய வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது.
• கைகளும் கால்களும் தவளைபோல் மடங்கி இருக்கட்டும். சுத்தமான பருத்தித் துணியால் உங்களோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.
• சாய்ந்த நாற்காலியிலோ தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலோ உட்காருங்கள். ஒரு முறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம் தொடருங்கள். அடிக்கடி எடுத்து வைத்தால் குழந்தை களைத்துவிடும்.

நாளுக்கு எத்தனை மணி நேரம்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது 8 முதல் 24 மணி நேரம். அம்மா ஒருவரால் முடியாது. அப்பா, பாட்டி, சித்தி, அத்தை என மாறி மாறிச் செய்தால் முடியும்.

இதனால் என்ன பலன்? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை இதில் பங்கெடுத்தது. முதலில் குழந்தை தேறட்டும், பிறகு கங்காரு முறை என்று காத்திருந்த பிரிவில் 28 நாட்களுக்குள் 100-க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்த உடனே தொடங்கிய பிரிவில் அது 12 ஆகக் குறைந்தது. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2021-இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. தானாக மூச்சுவிட முடியாத, மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைகள் தவிர மற்றவர்களுக்குப் பிறந்ததும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்பதே இப்போதைய அறிவுரை. உங்கள் குழந்தைக்கு எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

உங்கள் சந்தேகங்கள்

"நாங்க உள்ள போனா குழந்தைக்குத் தொற்று வராதா?"
நியாயமான பயம்தான். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோர் உள்ளே வந்து கவனித்ததால் மருத்துவமனைத் தொற்று கூடவில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் கூடியது. ஆனால் கை கழுவாமல் போனால் இந்த உறுதி இல்லை.

"சிசேரியன் ஆன அம்மா எப்படி வருவாங்க?"
சக்கர நாற்காலியில் அழைத்துப்போகச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அம்மா படுக்கையில் இருந்தே பாலைப் பீய்ச்சி அனுப்பலாம். அப்பா நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்.

"பச்சை உடம்புக்காரி எழுந்து நடக்கக் கூடாது, தீட்டு கழியாம அப்பா தொடக் கூடாதுனு வீட்ல சொல்றாங்களே?"
பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அவர்களையும் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். பேரன் பேத்தியைப் பாட்டி ஒரு முறை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிடும்.

"அம்மாக்கள் பால் கொடுக்கும் இடத்துல அப்பாவை விடுவாங்களா?"
பல இடங்களில் அப்பாக்களுக்குத் தனி நேரமோ திரை மறைப்போ இருக்கும். எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"இப்போ உள்ள வராதீங்கனு சொன்னா?"
ரவுண்ட்ஸ் நேரத்திலும், பக்கத்துக் குழந்தைக்கு அவசர சிகிச்சை நடக்கும்போதும் வெளியே இருக்கச் சொல்வார்கள். அது சரிதான். "எத்தனை மணிக்கு வரட்டும்? எங்களுக்குப் பயிற்சி எப்போ?" என்று பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். நாள்கணக்கில் அழைக்கவே இல்லை என்றால் பிரிவு மருத்துவரிடமும், பிறகு நிலைய மருத்துவ அலுவலரிடமும் சொல்லலாம். 104 மருத்துவ உதவி எண்ணும், 1100 முதல்வரின் உதவி மைய எண்ணும் இருக்கின்றன. சத்தம் போட வேண்டியதில்லை. கேட்டாலே பெரும்பாலும் வழி பிறக்கும்.

கைபேசி: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கைபேசி நம் கையிலேயே இருக்கும் பொருள். கிருமியும் அதில்தான் அதிகம். குழந்தையைத் தொடும்போது அது பையிலோ வெளியிலோ இருக்கட்டும். கை கழுவிய பிறகு போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். பக்கத்துக் குழந்தையின் படத்தை எடுத்துக் குரூப்பில் போடவே கூடாது.

நல்ல விதத்தில் இப்படிப் பயன்படுத்துங்கள்:

• பால் பீய்ச்சும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள்.
• அன்றாட எடை, குடித்த பாலின் அளவு, கங்காரு நேரத்தைக் குறித்து வையுங்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும்போது கைகொடுக்கும்.
• டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள்.
• குழந்தை எந்தப் பிரிவில் இருந்தாலும் பிறப்புப் பதிவை 21 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பெற்ற பிக்மி எண்ணைக் கையோடு வைத்திருங்கள்.

வாட்ஸப்பில் வரும் 'எடை கூட்டும் பவுடர்' செய்திகளை நம்பாதீர்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும் நாளில்

டிஸ்சார்ஜ் என்றதும் மூட்டையைக் கட்டிவிடாதீர்கள். சிகிச்சையின் அடுத்த கட்டம் இனி உங்கள் வீட்டில்தான் நடக்கப் போகிறது.

கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1.2 கிலோவுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். பார்வையைப் பறிக்கக்கூடிய இந்த விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாது. குழந்தை நன்றாகத்தான் விழித்துப் பார்க்கும். உரிய நாளில் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது. அந்த நாள் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகே வருவதால் மறந்துபோகிறது. இன்றே கைபேசி நாட்காட்டியில் குறியுங்கள். காது கேட்கும் சோதனையின் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதி. வளர்ச்சிக்குக் கணக்கு வேறு. எட்டு வாரம் முன்பே பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் நான்கு மாதக் குழந்தைபோல் இருந்தால் அது இயல்பே. தடுப்பூசியை மட்டும் அப்படித் தள்ளிப்போடாதீர்கள்.

இவை வேண்டாம்: சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, சாம்பிராணிப் புகை, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலும், டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தும் மட்டும் போதும். கங்காரு பராமரிப்பை வீட்டிலும் தொடருங்கள். எடை 2.5 கிலோவைத் தொடும் காலத்தில் குழந்தையே நெளிந்து, போதும் என்று காட்டிவிடும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்:

• பால் குடிக்க மறுப்பது, குடிப்பது சட்டெனக் குறைவது
• மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளே இழுப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சு நின்று நின்று வருவது
• உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருப்பது, அல்லது காய்ச்சல்
• வலிப்பு, துவண்டு கிடப்பது, தட்டினாலும் அசையாமல் இருப்பது
• உதடு நீலமாவது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாவது

இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை, வந்த பிறகு போகும் வழியிலும், குழந்தையை நெஞ்சோடு வைத்துச் சூடாக வைத்திருங்கள்.

செலவு பற்றி

"பணம் ஆகும், வீட்டுக்கே கொண்டுபோயிடலாம்" என்று பாதியில் கிளம்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாமே ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம். இதற்காக யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. வீட்டுக்குத் திரும்ப 102 தாய் சேய் ஊர்தி உண்டு. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து எடையும் உடல்நிலையும் பார்ப்பார். வளர்ச்சியில் ஏதேனும் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகக் காட்டலாம்.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்

108 – அவசர ஆம்புலன்ஸ்
102 – தாய் சேய் ஊர்தி
104 – மருத்துவ ஆலோசனை, புகார்
1100 – முதல்வரின் உதவி மையம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குறைமாதக் குழந்தை பிறந்து, யாராவது கண்ணாடிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றால், அவர்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்: "கையை நல்லா கழுவிட்டு, சிஸ்டர்கிட்ட போய், 'நாங்க என்ன செய்யணும்'னு கேளுங்க."